சாபமில்லாத நோய்

எங்கள் தெருவில் ஒருவருக்கு வலிப்பு வருகிறது என்பதைக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். கல்யாண வயதில் பெண்ணோ பையனோ இருக்கும் வீடென்றால் அந்தத் தாழ்ந்த குரலும் எழாது. நாய்க்கு வலிப்பு என்றால் அப்படியில்லை. "நாய் இழுத்துக்கிட்டுக் கிடக்குடா, வாயெல்லாம் நுரை" என்ற சத்தம் தெருமுனை வரை கேட்கும். எங்கள் செவலைக்கு முதன்முதலில் வலிப்பு வந்தது வாசலில், பால் வாங்க ஆட்கள் நிற்கும் காலை நேரத்தில். ஒருவர் கல்லை எடுத்தார். ஒருவர் பிள்ளைகளை வீட்டுக்குள் விரட்டினார். "அண்ணே, வெறி புடிச்சிருச்சுண்ணே, கிட்டப் போயிராதீங்க" என்றார் மூன்றாமவர். அவர் சொன்னதில் அக்கறைதான் இருந்தது. வெறிநாய்க்கடியில் மனிதர் செத்ததைப் பார்த்த ஊர் இது. நுரை தள்ளும் நாயைக் கண்டு ஒதுங்குபவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது.

அந்த அச்சத்துக்குப் பதில் இருக்கிறது. அதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும். வெறிநோய் ஒருமுறை அறிகுறி காட்டிவிட்டால் நாய் பிழைப்பதில்லை. பெரும்பாலும் 10 நாட்களுக்குள் இறந்துவிடும். வலிப்பு நோய் உள்ள நாயோ இரண்டு நிமிடம் துடித்துவிட்டு எழுந்து நிற்கும், தண்ணீர் குடிக்கும், மறுநாள் வாலாட்டும், அடுத்த பொங்கலுக்கும் வாசலில் படுத்திருக்கும். ஆண்டுதோறும் செவலைக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்ட சீட்டைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்கிறேன். கேட்பவர்களுக்குக் காட்டுவேன். கேட்காதவர்களுக்கும் காட்டுவேன். வலிப்பு வரும் நாயை வளர்ப்பவருக்கு மாத்திரைக்கு அடுத்து முக்கியமானது அந்தச் சீட்டு. நாயின் உயிரைத் தெருவிடமிருந்து காப்பது அதுதான்.

செவலையோடு வாழ்ந்ததில் எனக்கு ஒன்று உறுதிப்பட்டிருக்கிறது. இந்த நோயின் பாரத்தில் ஒரு பகுதி நோயினுடையது. இன்னொரு பகுதி நாமாக ஏற்றிவைத்தது. சாபம், பாவம், பரம்பரைக் களங்கம், வெளியே தெரிந்தால் அவமானம் என்று மனிதர் மேல் நாம் ஏற்றியவை எதுவும் நாயின் மேல் இல்லை. அதனால் இந்த நோயை அதன் சொந்த அளவில் பார்க்கும் வாய்ப்பு ஒரு நாயால் நமக்குக் கிடைக்கிறது.

*

நாய்களுக்கு வலிப்பு பெரும்பாலும் உறக்கத்திலோ, உறங்கி எழும் நேரத்திலோ, ஓய்ந்து படுத்திருக்கும்போதோ வரும். செவலைக்குச் சில சமயம் முந்தின நாளே தெரிந்துவிடும். சோற்றை முகர்ந்துவிட்டு விலகும். போகுமிடமெல்லாம் பின்னாலேயே வந்து காலோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒரு கணத்தில் பக்கவாட்டில் சாயும். கழுத்து பின்னுக்கு வளையும். நான்கு கால்களும் விறைத்து நீளும். மூச்சே நின்றுவிட்டதோ என்று நாம் பதறும் சில நொடிகளுக்குப் பிறகு, படுத்தபடியே கால்கள் ஓடத் தொடங்கும். தாடை படபடவென்று அடித்துக்கொள்ளும். விழுங்கப்படாத எச்சில் அந்த அடியில் நுரையாகும். நாக்கு கடிபட்டால் நுரையில் சிவப்பு கலக்கும். சிறுநீர் பிரியும். கண் மட்டும் திறந்தே இருக்கும், கருமணி விரிந்து, எதையும் பாராமல்.

சாயும்போது சில நாய்கள் ஒரு சத்தம் எழுப்பும். கேட்டவர்களுக்கு அது எளிதில் மறக்காது. அது வலியில் எழும் அலறல் இல்லை என்பதைக் கால்நடை மருத்துவர் எனக்கு விளக்கிச் சொன்னார். நெஞ்சுத் தசைகள் ஒரேயடியாக இறுகும்போது உள்ளிருக்கும் காற்று மூடிய தொண்டை வழியே பீறிட்டு வெளியேறுகிறது. அந்தச் சத்தம் அது. உடம்பு முழுதும் பரவும் வலிப்பில் நினைவு தப்பிவிடுகிறது. வேதனைப்படுவதற்கு அந்த நேரத்தில் உள்ளே யாரும் விழித்திருப்பதில்லை. வலிப்பு நாயை வளர்க்கும் ஒவ்வொருவருக்கும் இதை யாராவது முதல் நாளே சொல்லிவிட வேண்டும் என்று விரும்புகிறேன்.

அதே மருத்துவர்தான் நாங்கள் செய்ய வேண்டியதையும் சொன்னார். "சார், ரெண்டு நிமிஷம் நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். நாக்கைப் புடிக்கப் போகாதீங்க, அது நாக்கை முழுங்காது. வாயில தண்ணி ஊத்தாதீங்க, நுரையீரலுக்குப் போயிரும். கடிகாரத்தைப் பாருங்க. பையன்ட்ட போனைக் குடுத்து வீடியோ எடுக்கச் சொல்லுங்க. எனக்கு அதைவிடப் பெரிய உதவி ஒண்ணும் கிடையாது." படிக்கட்டு ஓரத்தில் கிடந்தால் மெல்ல இழுத்து நகர்த்தலாம். தலைக்கடியில் துணி வைக்கலாம். விளக்கை அணைக்கலாம், டி.வி.யை நிறுத்தலாம். அதற்கு மேல் நம் கைகளுக்கு வேலையில்லை. 5 நிமிடத்தைத் தாண்டினால் கதை வேறு: உடல் வெப்பம் ஏறும், மூளை பாதிக்கப்படும், உயிருக்கே ஆபத்து. ஒரு நாளுக்குள் இரண்டு மூன்று முறை வந்தாலும் அப்படியே. அந்த நிலைக்கென்று ஆசனவாய் வழியே செலுத்தும் டயசிபாமையோ மூக்கில் அடிக்கும் மிடாசோலத்தையோ மருத்துவர் முன்கூட்டியே தந்து, பயன்படுத்தவும் கற்றுக்கொடுப்பார். அதைக் கொடுத்த கையோடு வண்டியை எடுக்க வேண்டியதுதான்.

மூளைக்குள் நடப்பதை இப்படிச் சொல்லலாம். ஊர்க்கூட்டத்தில் ஒருவர் பேச மற்றவர் கேட்பதால்தான் கூட்டம் நடக்கிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே சொல்லைக் கத்தத் தொடங்கினால் கூட்டம் கலைந்துவிடும். நரம்பணுக்களுக்கும் தூண்டுவது ஒன்று, அடக்குவது ஒன்று என இரு பக்கம் உண்டு. அடக்கும் பக்கம் சற்றே தளரும்போது பெருந்தொகையான அணுக்கள் ஒருசேர மின்னோட்டம் பாய்ச்சுகின்றன. சில நிமிடங்களில் அவை களைத்து அடங்குகின்றன. நடந்தது அவ்வளவுதான்.

*

முதல் வலிப்புக்குப் பிறகு வீடு முழுதும் காரணம் தேடியது. மருத்துவரும் தேடினார், அவர் தேடியதற்கு ஒழுங்கு இருந்தது. நம் ஊர்களில் குட்டிக்கு வலிப்பென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது டிஸ்டெம்பர் என்னும் வைரஸ் நோயை. கண்ணிலும் மூக்கிலும் சளி வடிந்து, அது ஆறியது என்று நாம் நிம்மதியடையும் நேரத்தில் நரம்பைப் பிடிக்கும். பிழைத்த நாய்க்குக் காலிலோ முகத்திலோ ஒரு துடிப்பு ஆயுளுக்கும் தங்கிவிடும். தடுப்பூசியால் முற்றிலும் தவிர்க்கக்கூடிய கொடுமை அது. சிறு குட்டிகளுக்கு இரத்தத்தில் சர்க்கரை குறைந்தாலும் வலிப்பு வரும். உண்ணிக் காய்ச்சல், கல்லீரல் கோளாறு, தலையில் பட்ட அடி, வயதான நாய்க்கு மூளையில் கட்டி, வயலில் தெளித்த பூச்சிமருந்து, அளவு மீறிப் பூசிய உண்ணி மருந்து, சர்க்கரைக்குப் பதிலாகச் சில மிட்டாய்களில் சேர்க்கும் சைலிட்டால் என்று பட்டியல் நீளும்.

இவை எதுவும் இல்லை என்று இரத்தப் பரிசோதனைகள் சொல்லி, முதல் வலிப்பு 6 மாதத்துக்கும் 6 வயதுக்கும் இடையில் வந்திருந்து, வலிப்பு இல்லாத நேரத்தில் நாய் முற்றிலும் நலமாகவும் இருந்தால், மருத்துவர்கள் அதைத் தனிக்காரணம் அற்ற வலிப்பு நோய் என்று வகுக்கிறார்கள். நாய்களுக்கு நீண்டகாலம் நீடிக்கும் நரம்பு நோய்களில் மிகப் பரவலானது இதுதான். நூறு நாய்களில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவாக இது இருக்கிறது. லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், பீகிள், பார்டர் கோலி, பெல்ஜியன் ஷெப்பர்ட் போன்ற இனங்களில் வம்சவழியாக வருவது தெரியும். வலிப்பு உள்ள நாய்களைக் குட்டி போட விடக்கூடாது. விற்பனைக்காக வளர்ப்பவர்கள் இதை மறைக்கும்போது வருங்காலக் குட்டிகளுக்கும் அவற்றை வாங்கப்போகும் குடும்பங்களுக்கும் சேர்த்தே தீங்கு செய்கிறார்கள். செவலை போன்ற நாட்டு நாய்களுக்கும் வரும். ஏன் இந்த நாய்க்கு, ஏன் இந்த வயதில் என்றால் பதில் இல்லை.

பதில் இல்லை என்பதை அம்மாவால் ஏற்க முடியவில்லை. "யாரு வீட்டு வாசல்ல எதைத் தின்னுச்சோ, எதைத் தாண்டுச்சோ. ஒரு கயிறு மந்திரிச்சுக் கட்டுவமாடா?" என்றார். கட்டினோம். செவலையின் கழுத்துப்பட்டைக்குப் பக்கத்தில் அந்தக் கறுப்புக் கயிறு இருந்தது. மாத்திரையும் நேரத்துக்குப் போனது. அம்மாவின் கயிறு ஓர் அன்புச் செயல் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் இதே தேடல் மனிதர் பக்கம் திரும்பும்போது என்ன ஆகிறது என்பதையும் நாம் அறிவோம். கிரகணத்தில் வெளியே வந்தாளா, குலதெய்வத்துக்கு என்ன குறை வைத்தார்கள், யார் விட்ட சாபம் என்ற கேள்விகள் ஒவ்வொன்றும் கடைசியில் ஒரு குற்றவாளியைக் கேட்கும். பெரும்பாலும் அந்தக் குற்றவாளி பிள்ளையைப் பெற்ற தாயாகவே இருப்பாள்.

ஏறத்தாழ 2400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கத்தில் இந்தக் கேள்வியை எதிர்கொண்ட ஒரு மருத்துவ நூல் உண்டு. ஹிப்போக்ரட்டீஸின் பெயரால் வழங்குவது. அன்று புனித நோய் என்று அழைக்கப்பட்ட வலிப்பைப் பற்றியது. மற்ற நோய்களைவிட இதில் தெய்வத்தின் கை கூடுதலாக ஒன்றும் இல்லை, இது மூளையில் எழும் நோய் என்பது அந்த நூலாசிரியரின் கட்சி. அதற்கு அவர் கூட்டிவரும் சாட்சி ஓர் ஆடு. ஆடுகளுக்கும் இதே நோய் வருகிறது. செத்த ஆட்டின் மண்டையைத் திறந்து பார்த்தால் கெட்டுப்போன மூளையைக் காணலாம், தெய்வத்தைக் காண முடியாது என்று வாதிடுகிறார். மூளையில் சளி சேர்வதால் வருகிறது என்ற அவர் விளக்கம் பிழையானது. ஆனால் சாட்சியைத் தேர்ந்ததில் அவர் பிழை செய்யவில்லை. பாவம் செய்யத் தெரியாத ஓர் உயிருக்கும் இந்த நோய் வருகிறது என்றால், நோய்க்கும் பாவத்துக்கும் தொடர்பில்லை. மனித வரலாற்றில் வலிப்பு நோயாளியை முதலில் குற்றத்திலிருந்து விடுவித்த சாட்சிகளில் ஒன்று ஒரு கால்நடை.

*

செவலைக்கு எழுதிக்கொடுத்தது ஃபினோபார்பிட்டால். நம்மூர்க் கடைகளில் கார்டினால் என்ற பெயரில் கிடைக்கும், சீட்டு இல்லாமல் தரமாட்டார்கள். கிலோ ஒன்றுக்கு இரண்டரை முதல் மூன்று மில்லிகிராம் என்று கணக்கிட்டு, 12 மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கத் தொடங்குவது வழக்கம். 20 கிலோ நாய்க்கு வேளைக்கு ஏறத்தாழ 60 மில்லிகிராம் வரும். அதைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவர் கையில்.

மருந்துக்கடையில் முதல்முறை அந்தச் சீட்டை நீட்டியபோது, "பேஷன்ட் பேரு?" என்று கேட்டார் கடைக்காரர். "செவலை. நாய்" என்றேன். எனக்குப் பக்கத்தில் முன்பின் தெரியாத ஓர் அம்மா நின்றார், ஐம்பது வயது இருக்கலாம். கையிலிருந்த சீட்டை நான்காக மடித்து உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்தார். கடைக்காரர் எனக்கு அட்டையை எண்ணிக் கொடுத்துவிட்டு அவரிடம் எதுவும் கேட்காமல் அதே அட்டையை எடுத்துக் காகிதத்தில் சுற்றித் தந்தார். வெளியே வந்ததும் அவர் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நாய்க்குமா இதே மாத்திரை?"

"ஆமாம்மா. இதேதான்."

"நாய்க்குமா வருது இது?"

"வருதும்மா. ஆட்டுக்கு மாட்டுக்குங்கூட வரும்."

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "எம் பொண்ணுக்குத் தம்பி. சத்து மாத்திரைன்னு சொல்லி வச்சிருக்கோம், சொந்தக்காரவுகளுக்கு" என்றார். அட்டையைப் பைக்குள் வெகு கீழே, காய்கறிக்கு அடியில் வைத்தார்.

அந்தப் பெண்ணின் மாத்திரையும் செவலையின் மாத்திரையும் ஒரே தொழிற்சாலையில், ஒரே அச்சில் வந்தவை. ஒன்றை நான் கடை நடுவே உரக்கச் சொல்லி வாங்குகிறேன். மற்றது காய்கறிக்கு அடியில் போகிறது. அந்த மாத்திரையின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இது இன்னும் உறுத்தும். 1912இல் பேயர் நிறுவனம் அதை லூமினால் என்ற பெயரில் தூக்க மருந்தாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் ஆல்ஃபிரட் ஹாப்ட்மான் என்ற இளம் மருத்துவர் வலிப்பு நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்து, வலிப்பே குறைகிறது என்று கண்டு எழுதினார். அதற்கு முன் இருந்த ஒரே பயனுள்ள மருந்து, 1857இல் லண்டன் மருத்துவர் சார்ல்ஸ் லோகாக் சொல்லத் தொடங்கிய புரோமைடு மட்டுமே. ஹாப்ட்மான் யூதர். 1933இல் ஆட்சிக்கு வந்த நாஜிகள் அந்த ஆண்டே ஒரு சட்டம் இயற்றி, பரம்பரை வலிப்பு நோய் உடையவர்களைக் கட்டாயமாகக் கருத்தடை செய்யலாம் என்றார்கள். பேராசிரியராக இருந்த ஹாப்ட்மானின் பதவி பறிபோனது. 1938இல் அவரை டாஹௌ முகாமில் அடைத்தார்கள். பிறகு அமெரிக்காவுக்குத் தப்பிச் சென்று அங்கே 1948இல் இறந்தார். நோயாளிகளைக் களங்கம் என்று முத்திரை குத்திய அதே அரசு, அவர்களுக்கு மருந்து கண்டவரையும் சிறையிட்டது. அந்த மருந்தைத்தான் இரவும் பகலும் ஒரு நாட்டு நாய்க்கு நான் சோற்றுருண்டையில் பொதிந்து கொடுக்கிறேன்.

நம் சட்டமும் தூய்மையானதாக இருக்கவில்லை. 1976இல் திருத்தப்பட்ட இந்துத் திருமணச் சட்டம், அடிக்கடி வரும் மனநோயோடு வலிப்பையும் சேர்த்து, அது உள்ளவர் மணம் செய்யத் தகுதியற்றவர் என்றது. 1999இல்தான் வலிப்பு அந்த வரியிலிருந்து நீக்கப்பட்டது. சட்டப்புத்தகத்திலிருந்து போனது அந்த அம்மாவின் பைக்குள்ளிருந்து இன்னும் போகவில்லை.

*

மாத்திரை தொடங்கிய முதல் இரண்டு வாரம் செவலை தள்ளாடியது. பின்னங்கால்கள் பின்னிக்கொண்டன. பசியும் தாகமும் மிகுந்தன. தண்ணீர்ப் பாத்திரத்தை நக்கித் துடைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்கும். இரவில் சிறுநீருக்காக எழுப்பும். இவை எதிர்பார்க்க வேண்டியவை. தள்ளாட்டம் பெரும்பாலும் தானாகக் குறையும், பசி குறையாது. கேட்கும்போதெல்லாம் போட்டால் நாய் பருத்துவிடும். இரத்தத்தில் மருந்து ஒரு நிலைக்கு வர ஏறத்தாழ இரண்டு வாரமாகும். அதன் பிறகே அளவு போதுமா என்று சோதித்துச் சொல்ல முடியும். கல்லீரலையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். வலிப்பு நின்றுவிட்டதே என்று நாமாக மாத்திரையை நிறுத்துவது ஆபத்தானது. திடீரென்று நிறுத்தினால் அதுவே நிற்காத வலிப்பைக் கொண்டுவரும்.

இது போதாத நாய்களுக்குப் பொட்டாசியம் புரோமைடைச் சேர்ப்பார்கள். நாயின் உடம்பில் அதன் அளவு பாதியாகவே மூன்று வாரத்துக்கு மேலாகும். முழுப் பயன் தெரிய மூன்று நான்கு மாதம் ஆகும். உணவில் உப்பு கூடினால் சிறுநீரகம் புரோமைடை வேகமாக வெளியேற்றிவிடும். புரோமைடு எடுக்கும் நாய்க்கு யாரோ பரிவோடு ஒரு துண்டுக் கருவாடு போட்டால் அது மருந்தைக் கழுவிவிடுகிறது என்று பொருள். லெவெட்டிராசெட்டம் என்னும் இன்னொரு மருந்தென்றால் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை. மனிதருக்குப் பெரிதும் பயன்பட்ட ஃபெனிட்டாயின் நாய்க்கு உதவாது. நாயின் உடம்பு அதை அவ்வளவு விரைவாக அழித்துவிடுகிறது. அந்த மருந்தின் ஆற்றலை மெரிட், புட்னம் என்ற ஆய்வாளர்கள் 1938இல் வெளியிட்டார்கள், பூனைகளிடம் சோதித்துப் பார்த்து. விலங்குகளிடம் கடன்பட்ட மருத்துவம் இது. செவலைக்காக நாம் செலவிடுவது அந்தக் கடனுக்கு ஒரு சிறு திருப்பிக்கொடுப்பு.

வீட்டின் நாளும் மாத்திரையைச் சுற்றி மாறி அமைந்தது. காலை ஆறு, மாலை ஆறு. ஊரில் விசேஷமென்றால் வீட்டில் ஒருவர் தங்குவார். வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனால் முகூர்த்தம் முடிந்ததும் கிளம்பிவிடுவோம். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பே உள் அறையில் போர்வை தொங்கவிட்டு, மின்விசிறியை வேகமாக ஓடவிட்டு, தூக்கம் கெடாமல் பார்த்துக்கொள்கிறோம்; அச்சமும் தூக்கக்கேடும் வலிப்பை இழுத்துவரும். சுவரில் தொங்கும் நாட்காட்டியில், ராகுகாலமும் எமகண்டமும் அச்சிட்ட அதே தாளில், என் மகன் வலிப்பு வந்த நேரத்தையும் நின்ற நேரத்தையும் பென்சிலால் குறிக்கிறான். மருத்துவர் மருந்தைத் தீர்மானிப்பது அந்தப் பென்சில் குறிகளைப் பார்த்துத்தான். பராமரிப்பு என்பது பெருந்தியாகம் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் சொல்கிறார்கள். உள்ளேயிருந்து பார்த்தால் அது நேரந்தவறாமை. வலிப்பு நடக்கும் இரண்டு நிமிடத்தில் நம் அன்பால் ஆவது மிகக் குறைவு. அதற்கு வெளியே உள்ள எல்லா நிமிடங்களிலும்தான் அதற்கு வேலை.

*

வலிப்பு நின்ற பிறகு வருவது எனக்கு வலிப்பைவிடக் கடினம். செவலை எழுந்து நிற்கும், ஆனால் பார்வை இருக்காது. சுவரில் முட்டும், மூலையில் சிக்கி நிற்கும், கூடத்தை ஓயாமல் சுற்றும். கூப்பிட்டால் தெரியாது. கையை நீட்டினால் உறுமக்கூடும். என்னோடு வளர்ந்த உயிர் என்னை அந்நியனாகப் பார்க்கும் நேரம் அது. சில நாய்களுக்கு நிமிடங்களில் தெளியும். சிலவற்றுக்கு ஒன்றிரண்டு நாள்கூட ஆகும். தள்ளி நின்று மெல்லப் பேசிக்கொண்டிருக்க வேண்டும். பிள்ளைகளை அண்ட விடக்கூடாது. பிறகு ஒரு தருணத்தில் காது அசையும், மூக்கு திரும்பும். வாசனையால்தான் முதலில் அடையாளம் காண்கிறது என்று நினைக்கிறேன்.

விழுந்தவர் அருகே காத்து நிற்பது நாய்க்குப் புதிதல்ல. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. தொறுப்பூசலில், அதாவது ஆநிரைச் சண்டையில், பட்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்தது. அவன் பின்னால் ஒரு நாய் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்ற அதன் பெயரும், அது கள்ளரைக் கடித்து அவனருகே காத்து நின்ற செய்தியும் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. ஏழாம் நூற்றாண்டுத் தமிழர் ஒரு நாயின் காவலுக்குப் பெயர் சொல்லி நன்றி செலுத்தியிருக்கிறார்கள். விழுந்தவனை விட்டுப் போகாமல் நின்றதுதான் அந்த நாய் செய்தது. 2019இல் பிரான்சின் ரென் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மனிதரின் வலிப்பு நேரத்து உடல் வாசனையைப் பயிற்சி பெற்ற நாய்கள் பிரித்தறிகின்றன என்று காட்டினார்கள். நாய்க்கு நம் வலிப்பு மணக்கிறது. அதன் வலிப்பை முன்கூட்டி உணரும் புலன் நமக்கு இல்லை. நம்மிடம் இருப்பது கடிகாரமும் மாத்திரையும் விட்டுப்போகாமல் நிற்பதும்தான்.

விட்டுப்போகிறவர்களும் இருக்கிறார்கள். விலை கொடுத்து வாங்கிய இனநாய்க்கு வலிப்பு வந்ததும் நெடுஞ்சாலை ஓரத்தில் இறக்கிவிட்டுப் போவது நம் ஊர்களில் நடக்கிறது. மருந்து நின்ற நாய்க்கு அந்தச் சாலையில் என்ன ஆகும் என்பதை யாரும் ஊகிக்கலாம். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நாய்களுக்கு மருந்துகள் போதுமான அளவு கைகொடுப்பதில்லை என்பதையும் மறைக்கக்கூடாது. வலிப்பு வலிப்பாக அடுக்கி வந்து, இடையில் தெளிவே இல்லாமற்போகும் நாய்க்கு, மருத்துவர் துணையோடு அமைதியான சாவைத் தருவதும் பராமரிப்பின் ஒரு பகுதிதான். அந்த முடிவை எடுத்தவர்களைக் கொன்றவர்கள் என்று யாரும் சொல்லக்கூடாது. ஆனால் முடியாமை வேறு, சலிப்பு வேறு. கட்டுக்குள் இருக்கும் வலிப்போடு பெரும்பாலான நாய்கள் ஓடும், குரைக்கும், சோற்றுக்குச் சண்டை போடும். இரு வலிப்புகளுக்கு இடையிலான வாழ்க்கை முழு வாழ்க்கையாகவே இருக்கிறது. செவலை தன் நோயை நினைத்து வருந்தி நான் பார்த்ததில்லை. அடுத்தது எப்போது என்ற கவலை எங்களுடையது. அதற்கு அந்தக் கவலை கிடையாது.

*

வாசிப்பவர்களிடம் சில வேண்டுகோள்கள்.

உங்கள் நாய்க்கு வலிப்பு வந்தால் நேரத்தைப் பாருங்கள், படம் எடுங்கள், எழுதிவையுங்கள், மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். தெருவில் ஒரு நாய் வலிப்பில் கிடந்தால் தொடாதீர்கள். தடுப்பூசி போடாத நாய்க்கு வெறிநோயின் கடைசிக் கட்டத்திலும் வலிப்பு வரக்கூடும். கல்லும் எறியாதீர்கள். ஆட்களை விலக்கிவிட்டுக் கால்நடை மருத்துவமனைக்கோ விலங்கு நல அமைப்புக்கோ சொல்லுங்கள். குட்டிகளுக்கு டிஸ்டெம்பர் ஊசியையும் வெறிநோய் ஊசியையும் தவறாமல் போடுங்கள்.

மனிதர் ஒருவர் பேருந்து நிலையத்தில் வலிப்பில் விழுந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்க வேண்டாம். இரும்புக்கும் மூளைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வாயில் எதையும் வைக்க வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் துண்டை மடித்து வைத்து, கூட்டத்தை விலக்கி, நேரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் 108ஐ அழையுங்கள். தெளிந்து எழும்போது அவர் முதலில் பார்க்கும் முகம் அருவருப்பு இல்லாத முகமாக இருக்கட்டும்.

நாய்க்கு வந்தால் நோய், மனிதருக்கு வந்தால் களங்கம் என்ற கணக்கை நாம்தான் போட்டோம், நாம்தான் அழிக்க வேண்டும். ஒரு நாய்க்குக் கடையில் பெயர் சொல்லி வாங்க முடிகிற மாத்திரையை, ஒரு பெண் சத்து மாத்திரை என்று பொய் சொல்லி விழுங்கும் நிலை நம் ஊரில் இனி இருக்கக்கூடாது.